நல்ல பேஷண்ட்

கீழே விழுந்ததும் என் அக்கா முதலில் செய்த காரியம் என்னைத் திட்டியதுதான். கால்மிதியில் தடுக்கி சமையலறை வாசலில் மல்லாந்து கிடந்தாள். நான் பதறிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனேன். "தொடாதே. இடுப்பு எலும்பு போயிடுச்சு. பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு பாரு" என்றாள். பார்த்தேன். வலது பாதம் அந்த உடம்புக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. தலையணையை எங்கே வைக்க வேண்டும், ஆம்புலன்ஸ்காரர்களிடம் என்ன சொல்ல வேண்டும், அடுப்பிலிருக்கும் பாலை யார் இறக்குவது என்று தரையில் கிடந்தபடியே உத்தரவுகள் வந்துகொண்டிருந்தன. எனக்குத்தான் கைகால் ஓடவில்லை.

அவள் ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர். எலும்பு முறிவு வார்டிலேயே காலத்தைத் தள்ளியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்திருந்தால் அந்த மனிதனுக்கும் காலையில் டெம்பரேச்சர் பார்த்திருப்பாள். நான் அவளுக்கு இளையவன், எலெக்ட்ரீசியன். என் மனைவி காலமான பிறகு, தனித்தனியாக இரண்டு வீட்டுக்கு எதற்கு வாடகை என்று அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். சமையல் என்னுடையது, சட்டம் அவளுடையது. ஊருக்கெல்லாம் அவள் சிஸ்டர், எனக்கு ஒருவனுக்குத்தான் அக்கா. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதானே என்று நான் சொல்வதுண்டு. அதற்கு அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். கட்டிலைத் தொட்டுப் பார்த்து, சக்கரத்துக்குப் பிரேக் போட்டிருக்கிறதா என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். பழைய சிஸ்டர் என்று தெரிந்ததும் அங்கிருந்த நர்ஸ் பெண்கள் அவளைப் 'பெரிய சிஸ்டர்' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் பெருமை. வலியோடு வலியாக நெற்றி முடியைச் சரிசெய்துகொண்டாள்.

எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கே ஆபரேஷன் என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு போனார். அதன்பின் இன்னொரு டாக்டர் வந்தார். முதியவர்களை மட்டும் பார்க்கிற டாக்டராம், எங்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே அன்றுதான் தெரியும். ஒல்லியான பெண், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்கா வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், மாடி ஏறுவாளா, எப்படித் தூங்குகிறாள், ஞாபகம் எப்படி என்று நிதானமாகக் கேட்டார். கண்ணாடியையும் பல் செட்டையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள், மயக்கம் தெளிந்ததும் அவருக்கு முதலில் வேண்டியது அவைதான் என்று என்னிடம் சொன்னார். கடைசியில் அக்காவைப் பார்த்து, இந்த ஆபரேஷனிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. தன் காலால் நடந்து பாத்ரூம் போக வேண்டும் என்றாள். பேஷண்டுகளுக்குக் காலமெல்லாம் பெட்பேன் வைத்தவள் அவள். அதன்மேல் உட்காருவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டிருந்தது.

"அப்படின்னா ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே உங்களை எழுப்பி உட்கார வெச்சிடுவோம். நிக்கவும் வெப்போம்" என்றார் டாக்டர்.

அக்கா புன்னகை செய்தாள். அந்தப் புன்னகை எனக்குத் தெரியும். புதிதாக வந்த பயிற்சி டாக்டர்கள் உளறும்போது வார்டில் அவள் வைத்திருந்த புன்னகை அது. டாக்டர் போனதும் என்னிடம், சின்னப் பெண், ஆர்வக்கோளாறு, ஆணி அடித்த எலும்போடு மறுநாளே நிற்க வைப்பார்களாமா என்றாள். அவள் காலத்தில் இடுப்பு உடைந்தவர்கள் வாரக்கணக்கில் படுத்தே இருக்க வேண்டும். காலில் எடை கட்டித் தொங்கவிடுவார்கள். அசைந்தால் சிஸ்டர் வந்துவிடுவாள். அந்த சிஸ்டர் இவள்தான்.

மறுநாள் காலை ஒரு நர்ஸ் பெண் டம்ளரில் ஏதோ இனிப்புத் தண்ணீர் கொண்டுவந்து, ஆபரேஷனுக்கு இன்னும் நேரமிருக்கிறது, இதைக் குடித்தால் தெம்பாக இருக்கும் என்று வைத்துவிட்டுப் போனாள். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆபரேஷனுக்கு முன் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது அவள் படித்த பாடம். டம்ளரை என் கையில் திணித்து, குடி என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வராந்தாவில் அந்தப் பெண்ணின் செருப்புச் சத்தம் கேட்டது, அக்கா என்னை முறைத்தாள், குடித்தேன். டம்ளர் காலியாக இருப்பதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். அக்கா வறண்ட உதட்டோடு ஆபரேஷனுக்குப் போனாள். நான் தெம்பாக வெளியே உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எலும்பு டாக்டர் இந்த முறை மூன்று வார்த்தை பேசினார். மயக்கம் தெளிந்ததும் கண்ணாடியை மாட்டிவிட்டேன். என்னைப் பார்த்து, சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மறுநாள் காலை, எழுந்து நடக்கப் பழக்கும் பிசியோ வந்தான். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், தோளில் ஒரு துண்டு, கையில் நான்கு கால் வைத்த வாக்கர். அக்கா அவனைத் தூரத்தில் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வந்து பேர் சொன்னான், எழுந்து உட்காரலாமா என்றான். தலை சுற்றுகிறது என்றாள். மத்தியானம் வந்தான். குமட்டுகிறது என்றாள். மூன்று பந்துகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, குழாயில் மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்குங்கள் என்றான். அவன் தலை மறைந்ததும் அதை அலமாரிக்குள் வைக்கச் சொன்னாள். நர்ஸ் வந்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், ஒன்றுமில்லை, நீ போய் மற்றவர்களைப் பாரும்மா என்றாள். படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கிய மணியை அவள் தொடவே இல்லை. ஒரு சுருக்கமில்லாமல் போர்வையை இழுத்துவிட்டு, கைகளை இரண்டு பக்கமும் நேராக வைத்து, கூரையைப் பார்த்துக் கிடந்தாள். வார்டே மெச்சியது. இப்படி ஒரு நல்ல பேஷண்டைப் பார்த்ததில்லை என்று நர்ஸ் பெண் என்னிடம் சொன்னாள்.

ஒற்றைக் காலில் நின்றாள் என்று சொல்ல வழியில்லை, படுத்துக்கொண்டே அவ்வளவு பிடிவாதம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பொய் சொல்கிறாயே என்று கேட்டேன். எலும்பு கூட வேண்டும் என்றால் அசையக் கூடாது, உனக்கு ஒயரைப் பற்றித் தெரியும், எனக்கு எலும்பைப் பற்றித் தெரியும் என்று வாயை அடைத்துவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவள் சொல்வது சரியாக இருக்குமோ என்றும் எனக்குள் ஒரு எண்ணம். ஐம்பது கட்டிலை மேய்த்தவள் அவள். அந்த நெட்டையன் நேற்றுப் பிறந்தவன்.

அதற்கடுத்த நாள் காலை நான் கஞ்சியோடு போனபோது அக்காவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. முகம் சிவந்து, மூச்சு மேலே மேலே குட்டையாக வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு லேட், டிரெஸ்ஸிங் டிராலி எங்கே என்று கேட்டாள். அக்கா, நான்தான் என்றேன். தெரியும், பேசாமல் டிராலியைக் கொண்டா என்றாள். அவள் விரல்கள் போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. என் பெற்றோர் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை, நான் கண் திறந்ததிலிருந்து என்னை அதட்டிய குரல் இவளுடையது. அந்தக் குரல் இப்போது என்னை யாரோ ஒரு வார்டு பையன் என்று நினைத்து அதட்டியது.

முதியோர் டாக்டர் வந்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சுற்றி வளைக்காமல் சொன்னார். படுத்தே கிடப்பதால் நுரையீரலின் அடிப்பாகம் திறக்கவில்லை, சளி தேங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது, அதுவும் உடம்பில் தண்ணீர் குறைந்ததும் சேர்ந்து புத்தியைக் குழப்பியிருக்கிறது. வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இப்படிக் குழம்புவது உண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் எழுந்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தால், நடந்தால், வீட்டுக்குப் போகலாம்.

"இல்லன்னா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா இந்தக் காய்ச்சல் போய் இன்னொண்ணு வரும். அப்புறம் எதுக்கும் நான் உறுதி சொல்ல முடியாது" என்றார்.

அக்கா வலிக்கவில்லை என்று சொல்வது பொய் என்று அவரிடம் போட்டு உடைத்துவிட்டேன். வலி வந்தால் அவள் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் வைத்து மூடிக்கொள்வாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஆபரேஷன் ஆன நாள் முதல் அந்தக் கை திறக்கவே இல்லை என்றேன். பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பாள், பல் டப்பாவில் இருந்ததால் விரலோடு சரி. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, இனிமேல் வலி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டாம், வேளை தவறாமல் மருந்து போகட்டும் என்றார். கூடவே குளுக்கோஸ், காய்ச்சலுக்கு ஊசி. என்னைப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, வெளியே வெயிலா மழையா, நான் யார் என்று பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார். நான் பேசினேன். வீட்டில் குழாய் ஒழுகுவதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரன் புது வண்டி வாங்கியது வரை பேசினேன். வாழ்நாளில் அக்கா என்னை இவ்வளவு நேரம் பேச விட்டதில்லை.

அப்படிப் பேச ஆரம்பித்த மூன்றாம் நாள் மத்தியானம் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, போதும்டா, காது வலிக்கிறது என்றாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. காய்ச்சலும் இறங்கியிருந்தது, கட்டைவிரல் வெளியே வந்திருந்தது.

இனி எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். பிசியோ வாக்கரோடு வந்தான். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி இல்லை, மயக்கமில்லை, குழப்பமில்லை. ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அவன் பாவம், வாக்கரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனான்.

நான் வெடித்துவிட்டேன். உன் பிடிவாதத்துக்கு நான்தான் கிடைத்தேனா, எழுந்திருக்கவில்லை என்றால் செத்துப்போவாய் என்று டாக்டர் சொல்கிறார், உனக்கு உன் பழைய சட்டம்தான் பெரிதா, நான் அந்த வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், ஆனால் பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தபால்காரரோட அம்மான்னு ஒரு பேஷண்ட் இருந்தாங்க. இடுப்பு எலும்புதான், என்னை மாதிரியே. மூச்சு முட்டுது சிஸ்டர், ஒரே ஒரு தடவை உட்கார வெச்சிடும்மான்னு கெஞ்சுவாங்க. நான் கட்டிலோட கம்பியைத் தூக்கி மாட்டிட்டு, அசையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். காய்ச்சல் வந்துச்சு. அப்புறம் புத்தி பேதலிச்சுது. அப்புறம் போயிட்டாங்க. அந்த டாக்டர் பொண்ணு நுரையீரல் திறக்கலன்னு உன்கிட்ட வராந்தாவுல சொன்னது எனக்கு அரைகுறையா காதுல விழுந்துச்சு. நான் செஞ்சதை யாரோ எனக்கே வாசிச்சுக் காட்டுற மாதிரி இருந்துச்சு."

அந்தக் காலத்தில் அப்படித்தானே செய்தார்கள், டாக்டர்களே அதைத்தானே சொன்னார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன்.

"தெரியாதுன்னு சொல்லாதே. அவங்க சொன்னாங்க. நான்தான் கேக்கல." அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது. "அவங்க ஒருத்தர்தானா? எத்தனை பேரை நான் படுக்க வெச்சேன். இப்ப நான் எழுந்து நடந்து நல்லாயிட்டேன்னா, அப்ப அவங்களும் நல்லாயிருப்பாங்கன்னுதானே அர்த்தம்."

எழுந்து கீழே கேண்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கி அதை ஆறவிட்டேன். என் அக்காவை நான் கல்நெஞ்சுக்காரி என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்லி வந்திருக்கிறேன். குழப்பம் தெளிந்த பிறகும் அவள் எலும்புக்காகத்தான் படுத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் அந்தம்மாவுக்காகப் படுத்திருந்தாள். அவர்கள் பட்டதைத் தானும் பட்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு எண்ணம். படித்தவள், அனுபவசாலி, எண்பதை எட்டப் போகிறவள், இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம். எனக்கு அவள்மேல் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன, இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

திரும்பி மேலே போனேன். ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினேன்.

"நான் தொழிலுக்கு வந்த புதுசுல வீட்டுக்கு ரெண்டே ஒயர்தான் இழுப்போம். ஷாக்கைத் தரைக்கு இறக்குற எர்த் ஒயர் கிடையாது. என் முதலாளியும் அப்படித்தான் செஞ்சாரு, ஊரே அப்படித்தான் செஞ்சுது. அப்புறம் எர்த் இல்லாம இழுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. நான் என்ன செஞ்சேன்? பழைய வீடுகளுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டினேன். பாதிப் பேர் திட்டினான், பாதிப் பேர் மாத்தவிட்டான். அதுக்கெல்லாம் முன்னாடி நம்ம வீட்டுல மாத்தினேன். நான் போட்ட பழைய ஒயரிங்ல எவனுக்காவது ஷாக் அடிச்சிருக்குமேன்னு, எர்த் இல்லாத சுவிட்சுல நான் போய்க் கையை வெச்சுக்கிட்டு நிக்கல."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ இப்படியே கிடந்தா அந்தம்மா எழுந்து உட்காரப் போறாங்களா?" என்று கேட்டேன்.

"போடா" என்றாள்.

அவ்வளவுதான். நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். பார்வையாளர் நேரமும் முடிந்துகொண்டிருந்தது. கஞ்சிப் பாத்திரத்தைப் பையில் போட்டு, போர்வையைச் சரிசெய்யப் போனால் அது ஏற்கனவே சரியாக இருந்தது. வார்டு வாசலுக்கு வந்தபோது பின்னால் மணி அடித்தது. இவ்வளவு நாளில் எல்லாக் கட்டில் மணியும் கேட்டுப் பழகியிருந்தது, இது எந்தக் கட்டில் என்று திரும்பிப் பார்த்தேன். நர்ஸ் பெண் ஜன்னலோரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது. மருந்து நேரமாச்சுன்னா குடு" என்று அக்கா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "குடுத்துட்டு அந்த நெட்டையனை வரச் சொல்லு."

பிசியோ வருவதற்குள் என்னைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து பந்து டப்பாவை எடுக்கச் சொன்னாள். குழாயை வாயில் வைத்து இழுத்தாள். ஒரு பந்து அரைகுறையாக எழும்பி விழுந்தது. டப்பாவை உற்றுப் பார்த்துவிட்டு, இது பழுதாக இருக்கும் என்றாள். நான் வாங்கி இழுத்தேன், மூன்று பந்தும் மேலே போய் நின்றன. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி இழுக்க ஆரம்பித்தாள்.

அவளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைக்கப் பிசியோவுக்கு வியர்த்துவிட்டது. எந்தக் கையை எங்கே ஊன்ற வேண்டும் என்று அவன் சொல்ல, அதற்கு முன்பே இவள் அவனுக்குச் சொல்ல, யார் யாரை எழுப்புகிறார்கள் என்று தெரியாத நிலை. உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். தோள் ஏறி இறங்கியது. மூச்சு வயிறுவரை போவதை நான் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வலிக்கிறதா என்று பிசியோ கேட்டான்.

"இல்ல. நல்லா இருக்கு" என்றாள். அதைச் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் எல்லாம் அவள் வழக்கப்படி நடந்தது. மறுநாள் நின்றாள். அதற்கடுத்து வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போனாள். சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று சட்டம் போட்டாள். நான் ஊட்டிவிடப் போனால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஒருநாள் காலை நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பாத்ரூம் கதவுக்குள்ளிருந்து, யாரும் தட்ட வேண்டாம் என்று குரல் வந்தது. வெளியே நெட்டையன் கையைக் கட்டிக்கொண்டு, தேர்வு எழுதப் பிள்ளையை உள்ளே அனுப்பிய அப்பன்போல நின்றிருந்தான்.

இதெல்லாம் சுலபமாக நடந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சில நாள் முகம் இருண்டு கிடப்பாள். அந்தம்மாவைப் பற்றி அவள் மறுபடி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதியோர் டாக்டரிடம் மட்டும் ஒருமுறை கேட்டாளாம், அந்தக் காலத்தில் நாங்கள் செய்தது அவ்வளவும் தப்புதானா என்று. நாளைக்கு இன்னொருத்தி வந்து நான் இன்று செய்வதைத் தப்பு என்பாள், அப்போது நான் அதைக் கேட்கிற நிலையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் பயம் என்றாராம் டாக்டர். அக்கா அதை என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் மூளை இருக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு டாக்டருக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு இதுதான்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. நான் ஏற்கனவே வீட்டில் கால்மிதிகளை அள்ளிப் பரண்மேல் எறிந்துவிட்டு, பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி மாட்டியிருந்தேன். மருந்துகளைப் பற்றி நர்ஸ் சொன்னதை அக்கா திருப்பிச் சொல்லிக் காட்டினாள். கீழே கார் வந்து நின்றிருந்தது. அவள் வாக்கரைப் பிடித்து முன்னால் நடக்க, நான் பைகளோடு பின்னால் போனேன். வார்டு வாசலை ஒட்டிய கட்டிலில் ஒரு அம்மாவை நேற்றுதான் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து, மகன், மருமகள், இன்னும் யார் யாரோ சுற்றி நின்றார்கள். அந்தம்மா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். மகன் தோளைப் பிடித்து மெல்ல அழுத்திப் படுக்க வைத்தான்.

"முதுகு எரியுதுப்பா. கொஞ்சம் எழுந்துக்குறேன்" என்றார் அந்தம்மா.

இப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஆடாமல் அசையாமல் இருந்தால்தான் எலும்பு சேரும், நாங்கள் இருக்கிறோம், நீங்கள் எதற்கும் எழவேண்டாம் என்று அவன் அவ்வளவு பிரியமாகச் சொன்னான். மருமகள் விசிறிவிட்டாள்.

அக்காவின் வாக்கர் நின்றுவிட்டது. கைப்பிடியில் அவள் விரல்கள் இறுகின. கார்காரன் கத்துவான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"தம்பி, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்றாள் அந்த மகனிடம்.

நீங்கள் யார் என்று அவன் கேட்டான். அக்கா வாக்கரைக் கட்டில் பக்கம் திருப்பினாள்.

"நான் வார்டு சிஸ்டரா இருந்தவ. எழுந்திருக்கணும்னு கேட்டவங்களை எல்லாம் படுக்க வெச்சவ" என்றாள். "தப்பு செஞ்சேன். அவங்களை உட்கார விடுங்க."

பிறகு கையை நீட்டி அந்தம்மாவின் கட்டில் மணியை அழுத்தி, நர்ஸையும் நெட்டையனையும் வரச் சொன்னாள். அந்தம்மா பயத்தோடு, வலிக்குமா என்று இவளைப் பார்த்துக் கேட்டார்.

"வலிக்கும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, மருந்து குடுப்பாங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

நர்ஸ் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், அக்கா உட்காரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அவ்வளவு நேரம் நின்றதே இல்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நெட்டையன் அந்தம்மாவின் கைகளை வாங்கி, மெல்ல மெல்ல நிமிர்த்தினான். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கீழே கார் ஹாரன் அடித்தது.

போகலாமா என்று அவள் காதருகில் கேட்டேன்.

"இருடா" என்றாள் அக்கா. "அவங்க நல்லா ஒரு மூச்சு விடட்டும்."